பேச்சுதான் போச்சு, புத்தி போகலே!

நான் செய்த தவறை இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் செய்துவிடக் கூடாதே என்றுதான், வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வரவு செலவெல்லாம் மாமியார் கையில்தான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் பால், பேப்பர், மளிகை, சீட்டு எதிலும் ஒரு ரூபாய் பிசகாது. பால் வராத நாளுக்குக் காலண்டரில் ஒரு சுழி போடுவார். மாதம் முடிந்ததும் அதை எண்ணிக் கழித்துத்தான் பணம் கொடுப்பார்.

2022 ஆனி மாதம், விடியற்காலையில் கோலம் போடப் போனவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "வந்து... வந்து..." என்ற ஒரே வார்த்தைதான். தாகம் என்றாலும் "வந்து", தலைவலி என்றாலும் "வந்து".

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவர் காதருகே குனிந்து, "என்னைத் தெரியுதா?" என்று கத்துவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம், ஒண்ணும் தெரியலே போலிருக்கு" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருநாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே என் தங்கையிடம் போனில், "இங்க வெறும் உடம்புதான்டி கிடக்கு. இன்னும் எத்தனை நாளைக்கோ, என்னால முடியலே" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பால்கார அம்மா பணம் வாங்க வந்தார். முழு மாதத்துக்கும் எண்ணிக் கொடுத்தேன். கட்டிலிலிருந்து "வந்து! வந்து!" என்று ஒரே சத்தம். தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டார். ஃபேனைப் போட்டேன், தலையை ஆட்டினார். இடது கையை நீட்டிச் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். பிறகு மூன்று விரலைக் காட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. பால்கார அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "அடடே, ஆமா பெரியம்மா! எங்கண்ணன் மவ கல்யாணத்துக்குப் போயி மூணு நாளு பால் ஊத்தலியே!" என்று மூன்று நாள் காசைத் திருப்பித் தந்தார். அந்த மாதம் நான் காலண்டரில் சுழியே போடவில்லை. படுத்த படுக்கையில், மனசுக்குள்ளேயே எண்ணி வைத்திருக்கிறார்!

எனக்குப் பகீரென்றது. பால் கணக்கு தெரிந்தவருக்கு, நான் போனில் பேசியது மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த வாரமே பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் அழைத்துப் போனோம். பெரும்பாலோருக்குப் பேச்சைக் கவனிக்கும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறதாம். அங்கே பாதிப்பு வந்தால் வார்த்தை சிக்கிக்கொள்ளும். இதற்கு 'அஃபேசியா' என்று பெயர். சிலருக்குப் பிறர் பேசுவது புரிவதும் கஷ்டமாகலாம். அதனால் அறிவு போய்விட்டதாக அர்த்தமில்லை என்றார்.

ஒரு பழைய சம்பவமும் சொன்னார். 1861-ல் பிரான்சில் பால் புரோகா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். 'டான்' என்பதைத் தவிர அவருக்குப் பேச்சே வராது. அதனால் ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான். அவருக்கும் வலது பக்கம்தான் விழுந்திருந்தது. "இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வருஷமாக இருக்கிறாய்?" என்று கேட்டதற்கு, இடது கையை நாலு தடவை விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினாராம். 21 வருஷம். சரியான கணக்கு! கேட்கும்போதே எனக்கு மாமியாரின் மூன்று விரல் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

அவர் சொல்லிக் கொடுத்தவற்றைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். கத்த வேண்டாம்; காதில் கோளாறு இல்லை. "காபியா, கஞ்சியா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். ஒரு கேள்வி கேட்டால் அவசரப்படாமல் பதிலுக்குக் காத்திருங்கள். தலையாட்டல் சில சமயம் மாறிவிடும். அதனால் "வலிக்குதா?" என்று கேட்டபின் "வலி இல்லையா?" என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முக்கியமாக, அவர்கள் எதிரில் அவர்களைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், "அத்தை, அன்னிக்கு நான் போன்ல பேசினது கேட்டுச்சா?" என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திருப்பிக் கேட்டு உறுதி செய்யத் தேவையிருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வந்து... வந்து..." என்று இடது கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

இப்போது சில வார்த்தைகள் பேசுகிறார். பால் கணக்கு மறுபடியும் அவரிடமே போய்விட்டது. காலண்டரைக் கழற்றி மடியில் வைத்தால், இடது கையால் கோணல்மாணலாகச் சுழி போடுகிறார். கணக்கு மட்டும் கோணுவதே இல்லை.

- ஒரு வாசகி, கும்பகோணம்.