காயம் பட்டது எப்போது?

தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தால் தடய மருத்துவர் தேடும் முதல் விடை, ரயில் ஏறியபோது அந்த ஆள் உயிரோடு இருந்தாரா என்பதுதான். உயிருள்ள உடம்பில் இதயம் ரத்தத்தை அழுத்தித் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்போது விழும் வெட்டில் ரத்தம் வெளியே கொட்டுவதோடு, காயத்தின் ஓரத்துத் தசைக்குள்ளும் ஊறி உறைந்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. இறந்த பிறகு விழுந்த வெட்டு வெளிறியே இருக்கும். சக்கரம் ஏறிய இடத்தில் தோல் நசுங்கி, கிரீஸ் கறை ஒட்டியிருக்கும். அரிவாள் பட்ட இடத்தில் ஓரம் சீராக இருக்கும். கீழே கிடக்கும் ஜல்லியில் எவ்வளவு ரத்தம் சிந்தியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். இத்தனையும் பார்த்த பிறகுதான் ‘தற்கொலை’ என்றோ ‘விபத்து’ என்றோ எழுத முடியும்.

சேலம், நாமக்கல் மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2015 ஜூன் 23-ஆம் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போன ஓமலூர் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொட்டிபாளையம் தண்டவாளத்தில் தலை துண்டான நிலையில் கிடந்தார். தற்கொலைக் கடிதமும் இருந்தது. உடல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த அவர் வேறு சாதிப் பெண்ணோடு பேசியதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார் என்பது விசாரணையில் தெரியவந்தது. கோயிலின் சிசிடிவி காட்சி முக்கியச் சாட்சியமானது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 2-ஆம் தேதி, இது சாதியின் பெயரால் நடந்த கொலைதான் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. முதல் நாளே அந்தக் கடிதத்தை நம்பிக் கோப்பை மூடியிருந்தால் இந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

இயற்கைக்கு மாறான மரணம் என்று தகவல் வந்ததும் காவல் நிலையத்தில் ஒரு வழக்குப் பதிவாகும். ‘174 போட்டிருக்கிறார்கள்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால், அந்த 174-ஆம் பிரிவு இப்போது 194 ஆகிவிட்டது. அதிகாரி நேரில் வந்து, உள்ளூர்ப் பெரியவர்கள் இருவராவது உடனிருக்க, உடல் கிடக்கும் நிலையையும் கண்ணுக்குத் தெரியும் காயங்களையும் எழுதுவதற்குப் பிரேத விசாரணை என்று பெயர். திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். காவலில் நேர்ந்த மரணம் என்றால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேயேதான் இருக்கிறது. பெரும்பாலான மரணங்களில் மருத்துவர் சம்பவ இடத்தைப் பார்ப்பதே இல்லை. பிணவறை மேசைக்கு வரும் உடலும், காவலர் எழுதிக் கொடுத்த தாளும்தான் அவருக்குத் தெரிந்தவை. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மிகத் தாமதமாக வந்தாலும் வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் சந்தேக மரணம் குற்ற வழக்காக மாறும் வரை அந்த விதியால் பயனில்லை.

தடய மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் பதிவான முதல் சட்டப் பிரேதப் பரிசோதனை 1693 ஆகஸ்ட் 28 அன்று சென்னைக் கோட்டையில் நடந்தது. கோட்டை நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு உறுப்பினர் வீலர் மருந்து குடித்து இறந்தார். முன்பு பாஷாணம் அரைத்த கல்வத்திலேயே அவருடைய மருந்தையும் இடித்துவிட்டார்கள் என்று சந்தேகம். எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தார். நஞ்சு கண்டறியும் வேதிப் பரிசோதகர் பதவி இந்தியாவில் முதலில் வந்ததும் சென்னையில்தான், 1849-இல்.

இறந்த நேரத்தைக் கணிப்பதில் இந்த மண்ணின் வெயில் குறுக்கே நிற்கிறது. உடல் மணிக்கு இவ்வளவு குளிரும் என்று பாடநூல் சொல்லும் கணக்கு குளிர் நாட்டுக்குப் பொருந்தும். சித்திரையில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது 37 டிகிரி உடல் எப்படிக் குளிரும்? எனவே இங்கே உடலின் விறைப்பு, கீழ்ப்பக்கம் தேங்கி நிற்கும் ரத்தத்தின் நிறம், இரைப்பையில் மிச்சமிருக்கும் உணவு, அழுகலின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் நேரம் சொல்ல வேண்டும். அதிலும் சில மணி நேரம் முன்பின்னாக இருக்கும். நொடி சுத்தமாக நேரம் சொல்வது சினிமாவில் மட்டும்தான்.

அடுத்தது கிணற்றில் கிடைக்கும் உடல். இங்குள்ள பாசனக் கிணறுகள் பாறையைக் குடைந்து வெட்டியவை. விழுகிறவர் உடலில் பாறை பட்ட காயம் அடித்த காயம் போலவே தெரியும். உயிரோடு மூழ்கியவரின் வாயிலும் மூக்கிலும் வெள்ளை நுரை பூத்திருக்கும். துடைத்தாலும் மறுபடி வரும். கைக்குள் பாசி இறுகியிருக்கலாம். நீரிலுள்ள டயாட்டம் என்ற நுண்பாசி மூச்சோடு உள்ளே போய், ரத்த ஓட்டத்தில் எலும்பு மஜ்ஜை வரை சேர்ந்திருக்கலாம். இறந்த பிறகு தூக்கிப் போட்ட உடலில் ரத்தம் ஓடாது. மஜ்ஜைக்கு டயாட்டம் போய்ச் சேர வழியில்லை.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை எடுத்து, உப்பு முழுதும் கரைந்த நீரிலிட்டு முத்திரை வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சாதாரணமாகச் சாராயத்தில் போடக் கூடாது, ஏனென்றால் இறந்தவர் குடித்திருந்தாரா என்பதையே பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஆய்வக அறிக்கை வரும் வரை மருத்துவர் ‘இறுதிக் கருத்து நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்றுதான் எழுதுவார். உறவினர்கள் இதை இழுத்தடிப்பு என்று நினைக்கத் தேவையில்லை.

தடய மருத்துவத்தின் பெரும்பகுதி வேலை உயிரோடிருப்பவர்களிடம்தான். அடிபட்டு ஜி.எச்.சுக்கு வருகிறவரின் காயம் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது, ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லாரும் கேட்பது அதன் நகல். வழக்கின் கனமே அதில் எழுதும் ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. தலையில் தடியால் அடித்தாலும் தோல் நேர்கோடாகப் பிளந்து, கத்தி வெட்டு போலவே தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடியின் வேர்கள் நசுங்கியிருக்கும். காயத்தின் ஆழத்தில் இரு ஓரத்தையும் இணைத்து மெல்லிய நார்கள் அறுபடாமல் நிற்கும். கத்தி அந்த நார்களை விட்டுவைக்காது. கன்றிய காயத்துக்கும் வயது உண்டு: சிவப்பு, நீலம், ஐந்தாறு நாளில் பச்சை, பிறகு மஞ்சள், சுமார் இரண்டு வாரத்தில் மறைவு. எலும்பு முறிவு, பல் உடைவு, பார்வை இழப்பு போன்றவை கொடுங்காயம். 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலும் அதுவும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. அதுவரை இந்த இரு மாவட்டங்களுக்கும் சேலத்தில் இருந்தது மட்டுமே அரசு மருத்துவக் கல்லூரி. இன்று வசதி கூடியிருக்கிறது. ஆனால் பிணவறைக்கு உடல் வருவதற்கு முன்பே வீட்டில் அழியும் தடயத்தை எந்தக் கல்லூரியாலும் மீட்க முடியாது. ஆகவே, சந்தேக மரணம் நடந்த வீட்டில் உடலைக் குளிப்பாட்டாதீர்கள், துணியை மாற்றாதீர்கள், வாசலைக் கழுவிவிடாதீர்கள். கயிற்றில் தொங்குகிறவருக்கு உயிர் இருக்கலாம் என்று தோன்றினால் உடனே அறுத்து இறக்குங்கள். முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். அடிபட்டவராக இருந்தால், மருத்துவர் எழுதி முடிக்கும் முன் ஒவ்வொரு காயத்தையும் காட்டி, பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.