திருகாணி இல்லாமல் நிற்குமா பீடிங்?

செஞ்சிப் பக்கம் சீயமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பிளைவுட் அலமாரித் தட்டுகளின் விளிம்பை மறைக்க மர பீடிங் வைக்கிறோம். திருகாணி வேண்டாம், வெள்ளைப் பசையே போதும் என்கிறார் ஆசாரி. புத்தகம் அடுக்கினால் நிற்குமா?”

நிற்கும். ஆசாரி சொல்வது சரி. ஆனால் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் வீர வசனங்களை நம்பி இதை நான் சொல்லவில்லை. பசையின் பலம் டப்பாவுக்குள் இல்லை. அது காயும் விதத்தில் இருக்கிறது.

மரவேலைக்கான வெள்ளைப் பசையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதில் பாலிவினைல் அசிடேட் என்ற பாலிமர், மைக்ரான் அளவுள்ள நுண்துளிகளாக மிதக்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பசை பால்போல வெள்ளையாகத் தெரிகிறது. மரத்தில் தடவியதும் மரத்தின் நுண்குழல்கள் தண்ணீரை உறிஞ்சத் தொடங்குகின்றன. தண்ணீர் குறையக் குறையத் துளிகள் நெருங்குகின்றன. இடையில் மிஞ்சும் மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை, காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தோடு அவற்றை ஒன்றோடொன்று நெருக்குகிறது. உருண்டைகள் நசுங்கி, இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. ஒரு துளியின் பாலிமர் சங்கிலிகள் அடுத்த துளிக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. சிதறடிக்கத் துளிகளே இல்லாததால் வெள்ளை மறைந்து, கண்ணாடிபோல ஒரே படலம் உருவாகிறது. வெளியிலிருந்து யாரும் இதைச் செய்வதில்லை. வெளியேறும் தண்ணீரே, போகிற போக்கில், தான் சுமந்து வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டுப் போகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சோற்றைப் பாருங்கள். கஞ்சியில் மிதக்கும்வரை பருக்கைகள் தனித்தனி. வடித்து, அள்ளி, உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டை. அரைவேக்காட்டு அரிசி எவ்வளவு அழுத்தினாலும் உருண்டையாகாது. குளிரில் பசைத் துளிகளும் அப்படித்தான் விறைத்து நிற்கும். பல வகைப் பசைகள் சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒன்றுசேராமல் சுண்ணாம்புப் பொடிபோல உதிரும். செஞ்சியில் அந்தக் கவலை இல்லை. மார்கழிக் காலையில் ஊட்டியில் ஒட்டுபவர் கவனிக்க வேண்டும். பிசையும்போது விடும் நெய் சோற்றை இளக்குவதுபோல, பசையில் சேர்க்கும் இளக்கிகள் துளிகளை மென்மையாக்குகின்றன. கஞ்சி வடிய வழி இல்லையென்றால் சோறு குழைந்தே கிடக்கும். சன்மைக்கா மீதோ பெயின்ட் மீதோ தடவிய பசைக்கும் அதே கதி, தண்ணீர் போக வழியில்லை. உருண்டையில் தண்ணீர் ஊற்றினால் பழைய சோறாகக் கரைவதுபோல, சாதாரண வெள்ளைப் பசையும் நீரில் ஊறினால் இளகிவிடும். அதனால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்கு நீர் தாங்கும் வகைப் பசையைக் கேட்டு வாங்குங்கள்.

வரலாறு சுருக்கமாக. எகிப்தியர் விலங்குத் தோல் பசையால் மரத்தை ஒட்டினார்கள். நம் தச்சர்கள் வச்சிரப் பசையைக் காய்ச்சி ஒட்டினார்கள். பாலிவினைல் அசிடேட்டை ஜெர்மனியின் பிரிட்ஸ் கிளாட்டே 1912இல் கண்டறிந்தார். இந்தியாவில் பெவிகால் 1959இல் வந்தது. ஒட்டே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. சீயமங்கலத்தில் குடைவரை எடுத்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பதித்திருக்கிறான். ஒரே பாறையில் இணைப்பே இல்லை. மரத்தில் வேலை செய்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இனி பலக் கணக்கு. ஐரோப்பிய தரநிலைப்படி, பீச் மரத்தில் ஒட்டிய இணைப்பு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 10 நியூட்டன் சறுக்கு விசையைத் தாங்க வேண்டும். அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. ஒரு மீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள தட்டின் விளிம்புக்குப் பெருக்கினால் 18 டன் வரும். இப்படிப்பட்ட எண்ணை விளம்பரத்தில் பார்த்தால் நம்பாதீர்கள். பிளைவுட் விளிம்பில் ஏறக்குறையப் பாதி அடுக்குகள் குறுக்குவெட்டாக நிற்கின்றன. அங்கே பிடிப்பு குறைவு. பீடிங்கை ஓர் ஓரத்தில் நெம்பினால் விசை முழுவதும் ஒரு கோட்டில் குவிந்து, ஒட்டு எளிதில் உரிந்துவிடும். ஆனாலும் பீடிங் தாங்க வேண்டியது சில கிலோதான். நூறில் ஒரு பங்கு பலம் கிடைத்தாலே தாராளம்.

திருகாணியோ நான்கைந்து புள்ளிகளில் மட்டும் பிடிக்கும். மெல்லிய பீடிங்கைப் பிளக்கும், பிளைவுட் விளிம்பின் அடுக்குகளைப் பிரிக்கும். பசை நீளம் முழுவதும் பிடிக்கும். இன்னொரு லாபமும் உண்டு. 250 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள தட்டின் முன்விளிம்பில், அதே உறுதியுள்ள 18 மில்லிமீட்டர் தடிப்பு, 40 மில்லிமீட்டர் உயரப் பட்டியை ஒட்டினால் இரண்டும் ஒரே உத்திரமாக வேலை செய்யும். கணக்குப்படி தட்டின் விறைப்பு சுமார் 2.4 மடங்காகிறது, தொய்வு பாதிக்கும் கீழே போகிறது.

ஓர் எச்சரிக்கை. பிளைவுட் அல்லாத, அகலமான முழு மரப்பலகையின் தலைப்பகுதியில், நார் ஓட்டத்துக்குக் குறுக்கே பீடிங்கை முழுவதும் ஒட்டாதீர்கள். பச்சை மரம் முழுதாகக் காயும்போது நார் நெடுக ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. குறுக்கே, மர வகையைப் பொறுத்து 5 முதல் 10 சதவீதம்வரை சுருங்கும். காய்ந்த பலகையும் மழைக்கும் வெயிலுக்கும் ஓரளவு விரிந்து சுருங்கும். அந்த அசைவைத் தடுத்தால் ஒட்டு விடும், அல்லது பலகை வெடிக்கும்.

சீயமங்கலம் வாசகரே, விளிம்பில் பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். பசையை மெல்லியதாக, இடைவெளி இல்லாமல் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையென்றால் தலையில்லா ஆணி இரண்டு மூன்று போதும். பசை காயும்வரை பிடிப்பது மட்டுமே ஆணியின் வேலை. ஒரு மணி நேரம் அசைக்காதீர்கள். ஒரு நாள் கழித்துப் புத்தகங்களை அடுக்குங்கள். இதில் திருகாணிக்கு வேலையே இல்லை.