இரு பகுதி ரெசின் வார்ப்பு: அந்தமானின் ஈரக்காற்றில் கவனிக்க வேண்டியவை என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: தெற்கு அந்தமான் மாவட்டத்தின் சௌல்தாரி போன்ற ஊர்களில் வீட்டிலிருந்தபடியே கைவினைத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, இரு பகுதி திரவ ரெசின் எளிய வழியாகத் தோன்றக்கூடும். உலையோ பெரிய இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. இரண்டு புட்டி திரவம், ஒரு மின்னணுத் தராசு, ஒரு ரப்பர் அச்சு ஆகியவை இருந்தால் சாவிக்கொத்து முதல் சிறு சிற்பம் வரை வார்த்தெடுக்கலாம்.

ஆனால், புட்டியின் மீது அச்சிடப்படும் செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், வறண்ட அறையில் பெறப்பட்டவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும், இரு பருவமழைகளையும் பெறும் தெற்கு அந்தமானில் அக்குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் பொருள் வீணாகலாம், உடல்நலமும் கெடலாம்.

சிப்பிக்கு மாற்றாகுமா?

அந்தமானின் கைவினைப் பொருள்களில் சிப்பி வேலைப்பாடு குறிப்பிடத்தக்கது. எனினும், நாட்டிலஸ், டிரைட்டன் சங்கு, கொம்புத் தலைக்கவசச் சங்கு, சில வகை ராட்சதச் சிப்பிகள், கடினப் பவளங்கள் ஆகியவை 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. முதலாம் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

கடலிலிருந்து உயிரினத்தை எடுக்காமலேயே அதன் வடிவத்தை விற்க ரெசின் வார்ப்பு உதவும். ஆனால், இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சு எடுப்பதற்கு மூல வடிவம் ஒன்று வேண்டும். பாதுகாக்கப்பட்ட சிப்பியை அதற்காக உரிய அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றமாகிவிடும். எனவே களிமண்ணில் செதுக்கிய வடிவம் அல்லது முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்கிய வடிவமே பாதுகாப்பானது. விற்கும் பொருளில் 'ரெசின் நகல்' எனத் தெளிவாகக் குறிப்பிட்டால், அதை வாங்கிச் செல்லும் பயணி விமான நிலையச் சோதனையில் விளக்கம் அளிப்பதும் எளிதாகும்.

'இரு பகுதி' என்பதன் பொருள் என்ன?

தனித்தனியே திரவமாகவே இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்தவுடன் வேதிவினை தொடங்கி, திரவம் கெட்டித் திடப்பொருளாக மாறுகிறது. ஈரம் உலர்வதால் நிகழும் மாற்றம் அன்று இது. ஒருமுறை கெட்டியான பிறகு சூடேற்றினாலும் மீண்டும் உருகாது.

வார்ப்பில் பரவலாகப் பயன்படுபவை இரண்டு வகை. முதலாவது பாலியூரிதேன். இதன் ஒரு பகுதி ஐசோசயனேட், மறு பகுதி பாலியால். ஜெர்மனியின் ஓட்டோ பேயர் 1937-ஆம் ஆண்டில் இந்த வேதியியலுக்கு அடித்தளமிட்டார். விரைவாகக் கெட்டிப்படும் வகைகளில் கலந்த சில நிமிடங்களுக்குள் ஊற்றிவிட வேண்டும். அரை மணி நேரத்திற்குள் அச்சிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டாவது எப்பாக்ஸி. இதில் ரெசினுடன் அமீன் வகைக் கடினமாக்கி சேர்க்கப்படுகிறது. இது மெதுவாகக் கெட்டியாகும். முழு வலிமை பெற ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை ஆகலாம்.

கடலோர ஊர்களில் பைபர் படகு செய்யவும் பழுதுபார்க்கவும் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மூன்றாவது வகை. இதில் நூற்றுக்கு ஓரிரு பங்கு மட்டுமே பெராக்சைடு வினையூக்கி சேர்க்கப்படும். இந்த வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். இரண்டையும் ரெசினில் தனித்தனியாகவே கலக்க வேண்டும். பெராக்சைடு வினையூக்கியை விமானப் பயணிகள் தங்கள் உடைமைகளில் எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

ஈரம் ஏன் பகையாகிறது?

பாலியூரிதேனில் உள்ள ஐசோசயனேட், பாலியாலுடன் மட்டுமன்றி நீருடனும் வினைபுரியும். அவ்வினையில் கரியமில வாயு வெளிப்படுகிறது. ஒரு கிராம் நீர் முழுமையாக வினைபுரிந்தால் ஏறத்தாழ 1.4 லிட்டர் வாயு உண்டாகும். மெத்தை நுரை தயாரிப்பில் இதே வினைதான் பயன்படுத்தப்படுகிறது. வார்ப்பிலோ அது குமிழிகளாகவும் பஞ்சு போன்ற புறப்பரப்பாகவும் வெளிப்பட்டு, பொருளைக் கெடுத்துவிடுகிறது.

காற்றில் மட்டும் ஈரம் இருப்பதில்லை. மரக்குச்சி, காகிதக் குவளை, நிரப்பியாகச் சேர்க்கும் மணல், மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத் தூள் ஆகிய அனைத்திலும் ஈரம் உண்டு. நிரப்பிகளை அடுப்பில் நன்கு உலர்த்தி, ஆறவைத்த பிறகே சேர்க்க வேண்டும். மரக்குச்சிக்குப் பதிலாக உலோகக் கரண்டியும், காகிதக் குவளைக்குப் பதிலாக பிளாஸ்டிக் குவளையும் ஏற்றவை. புட்டியைத் திறந்தவுடன் வேண்டிய அளவை ஊற்றிக்கொண்டு உடனே இறுக மூட வேண்டும். மூடிய புட்டியைச் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கலாம். ஐசோசயனேட் புட்டியில் வெண்மையான ஆடையோ கலங்கலோ தென்பட்டால், அது ஈரத்தால் கெட்டிருக்க வாய்ப்புண்டு.

எப்பாக்ஸி நுரைப்பதில்லை. எனவே ஈரமான இடங்களில் புதிதாகத் தொடங்குவோருக்கு அதுவே பொருத்தமானது. ஆனால் ஈரக்காற்றில் அதன் மேற்பரப்பில் மெழுகு போன்ற பிசுபிசுப்பான படலம் உருவாகலாம். அடுத்த அடுக்கை ஊற்றுவதற்கு முன், சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரால் அதைக் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும்.

வெப்பமும் நேரமும்

பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். எனவே 23 டிகிரியில் ஐந்து நிமிட அவகாசம் தரும் ரெசின், 33 டிகிரியில் இரண்டரை நிமிடங்களிலேயே கெட்டிப்படத் தொடங்கலாம். அதிகாலையில் வார்ப்பதும், திரவங்களைக் குளிர்ந்த அறையில் வைத்திருப்பதும் பயன் தரும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே நீர்த்துளிகளாகப் படியும்.

இவ்வினை வெப்பத்தையும் வெளியிடுகிறது. ஒரே குவளையில் அதிக அளவு ரெசினைக் கலந்து அப்படியே வைத்திருந்தால், வெப்பம் வெளியேற வழியின்றிப் புகை வரும், குவளையும் உருகிவிடும். தடிமனான வார்ப்புகளை அடுக்கடுக்காக ஊற்றுவதே முறை.

அச்சு, அளவு, கலவை

அச்சுக்குச் சிலிக்கோன் ரப்பர் ஏற்றது. இதிலும் இரு வகை உண்டு. பிளாட்டின வகை நீடித்து உழைக்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்டால் கெட்டியாகாமல் நின்றுவிடும். வெள்ளீய வகைக்கு அந்தத் தொல்லை குறைவு. கெட்டிப்படச் சிறிது ஈரமும் தேவைப்படுவதால் தீவுக் காலநிலை அதற்குத் தடையாகாது. ஆயினும் காலப்போக்கில் அது சற்றே சுருங்கும்.

தோல்விகளுக்குப் பெரும்பாலும் அளவுப் பிழையே காரணம். 'கன அளவில் 1:1' என்பது 'எடையில் 1:1' ஆகாது. ஐசோசயனேட் பகுதி பொதுவாகப் பாலியால் பகுதியைவிட அடர்த்தி மிக்கது. குறிப்பில் எந்த அளவு கூறப்பட்டுள்ளதோ அதையே பின்பற்ற வேண்டும். விரைவாகக் கெட்டியாகட்டும் எனக் கடினமாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தால், மிச்சமாகும் பகுதி வினைபுரியாமல் தங்கி வார்ப்பு மென்மையாகவே நின்றுவிடும்.

கலக்கும்போது குவளையின் ஓரங்களையும் அடிப்பகுதியையும் வழித்துக் கலக்க வேண்டும். பிறகு வேறொரு குவளைக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை கலப்பது நல்லது. அச்சின் மிகத் தாழ்ந்த மூலையில், உயரத்திலிருந்து மெல்லிய நூல்போல ஊற்றினால் காற்றுக் குமிழிகள் குறையும்.

உடல்நலப் பாதுகாப்பு

ஐசோசயனேட் ஆவி சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கும். ஒருமுறை உடல் ஒவ்வாமைக்கு ஆளாகிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். 1984-ஆம் ஆண்டு போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அது எளிதில் ஆவியாகும் வேறொரு பொருள். வார்ப்பு ரெசினில் பரவலாகப் பயன்படும் எம்.டி.ஐ. அறை வெப்பநிலையில் மிகக் குறைவாகவே ஆவியாகும். ஆனால் சூடேற்றும்போதும் தெளிக்கும்போதும் ஆபத்து கூடும்.

எப்பாக்ஸி தோலில் பட்டால் நாளடைவில் அரிப்பும் கொப்புளமும் வரலாம். நைட்ரில் கையுறையும் கண்ணாடியும் அணிவது கட்டாயம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசமே வேண்டும். சமையலறையிலும் குழந்தைகள் உறங்கும் அறையிலும் இப்பணியைச் செய்யக் கூடாது. உணவுப் பயன்பாட்டிற்கு ஏற்றது எனச் சான்று பெறாத ரெசினில் தட்டு, குவளை செய்வதையும் தவிர்க்க வேண்டும்.

எஞ்சுவது எங்கே போகும்?

கெட்டியான ரெசின் உருகாது என்பதால் மற்ற பிளாஸ்டிக்கைப் போல உருக்கி மறுசுழற்சி செய்ய இயலாது. கெட்டியாகாத திரவத்தைக் கழிவுநீரிலோ ஓடையிலோ ஊற்றினால், தீவில் அது கடலையே சென்றடையும். எஞ்சிய இரு பகுதிகளையும் உரிய அளவில் சிறிது சிறிதாகக் கலந்து கெட்டியாக்கிய பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத்தில் வந்து சேரும் சரக்கு இது. திறக்காத புட்டியின் ஆயுளும் பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டு வரைதான். எனவே மலிவு விலைக்காகப் பெரிய கலனாக வாங்குவதைவிட, ஒரு மாதத்திற்குத் தேவையான சிறு புட்டிகளாக வாங்குவதே இலாபம். முதல் வார்ப்பை 50 கிராம் அளவில், மழையில்லாத நாளில் செய்து பார்த்து, கெட்டியாகும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், அதுவே அந்த வீட்டிற்கும் அந்த ஊருக்கும் பொருந்தும் செய்முறைக் குறிப்பாக அமையும்.