திரைப் பந்தாட்டமும் பெயரிலா உழைப்பும்

எல்லே ஆட்டமறிந்த தெஹியோவிட்டத் தோட்டப் பிள்ளைகளுக்கு, பந்தை அடித்துவிட்டுச் சுற்றியோடும் அமெரிக்கப் 'பேஸ்போல்' முற்றிலும் அந்நியமன்று. அதனைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொணர்ந்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று, அட்டாரி நிறுவனம் 1978இல் வெளியிட்ட 'ஹோம் ரன்' ஆகும்.

அட்டாரி 2600 இயந்திரத்தின் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. அதன் சித்திரச் சில்லு இரு ஆட்டவுருக்கள், இரு எறிகணைகள், ஒரு பந்து ஆகியவற்றையே அசையும் உருக்களாக வரையவல்லது. ஒன்பதின்மர் காக்கவேண்டிய களத்தை இதில் எங்ஙனம் அமைப்பது? ஓருருவையே இரண்டாகவும் மூன்றாகவும் படியெடுக்கும் வசதி அச்சில்லில் இருந்தது. ஆகவே களத்தடுப்பாளர் மூவருக்கு மேற்படவில்லை. ஒருவர் நகர, ஏனையோரும் உடன் நகர்ந்தனர். வறுமையிற் பிறந்த இவ்வுத்தியைக் குறையென்று தள்ளுவது நேர்மையன்று.

இதனை ஆக்கியவர் பொப் வைட்ஹெட். பெட்டியில் அவர் பெயர் இல்லை. இறப்பர்த் தாளில் பால்வெட்டியவளின் பெயரைக் கண்டறியாத நம்மவர்க்கு இது புதுமையன்று. பெயரும் உரிய பங்கும் மறுக்கப்பட்டமையால், 1979இல் வைட்ஹெட் உள்ளிட்ட நால்வர் அட்டாரியை நீங்கினர். (வேலையோடு லயமும் பிணைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அவ்வழி அத்துணை எளிதன்று.) ஜிம் லெவியுடன் அவர்கள் தொடங்கிய அக்டிவிஷன், ஆக்கியோர் பெயரைத் தன் வெளியீடுகளிற் பொறித்தது. 1980இல் அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் அது இணக்கத்தில் முடிந்தது.