சுப்பாண்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?

மும்பையில் சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது 'சுப்பாண்டி' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பு வரும், அடுத்து ஒரு கதை வரும். கதை பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வரும். 'டிங்கிள்' என்ற இங்கிலீஷ் படக்கதை இதழை வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை அது.

இத்தனைக்கும் சுப்பாண்டி நம்ம ஊர்க்காரன். தமிழ்நாட்டில் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த அசட்டு வேலைக்காரன் கதைகளைத் திருச்சி வாசகர் ஒருவர் எழுதி மும்பைக்கு அனுப்பினார். 1983இல் டிங்கிளில் அவன் குடியேறினான். குதிரையிலிருந்து கீழே விழுவதையெல்லாம் எடுக்கச் சொன்னார் குரு என்று சாணத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்களே, வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் சீடர்கள், அவர்களுக்கு இவன் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் சீடர்களுக்கு நம் மனதில் நிற்கும் முகம் என்று ஒன்று இல்லை. சுப்பாண்டிக்கு முகம் கொடுத்தவர் ராம் வாயீர்கர் என்ற மராட்டிய ஓவியர்.

அந்த முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல்நோக்கி நீண்ட தலை, உச்சியில் கொத்தாய்க் கொஞ்சம் முடி. விஷமம் துளிகூடக் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்துவிட்டோம் என்ற திருப்திதான் இருக்கும். கட்டத்துக்குக் கட்டம் மாறுவது முதலாளியின் முகம். முதலில் நம்பிக்கை, அப்புறம் சந்தேகம், கடைசியில் தலையில் கை. வசனத்தை மூடிவிட்டுப் பார்த்தாலும் கதையில் பாதி புரிந்துவிடும்.

இதே கைதான் அமர் சித்ர கதா படக்கதை வரிசையின் 'கிருஷ்ணா'வையும் வரைந்தது. 1967இல் அனந்த் பை தொடங்கிய அந்த வரிசையில், நம் புராணத்திலிருந்து முதலில் வந்த புத்தகம் அது. ஒரே ஓவியர் கடவுளையும் வரைந்தார், அசடனையும் வரைந்தார். அசடனை வரைவதுதான் கடினம் என்பது என் கட்சி. கிருஷ்ணனுக்கு மயிற்பீலியும் புல்லாங்குழலும் துணைக்கு வரும். சுப்பாண்டிக்கு என்ன வரும்? 2003இல் வாயீர்கர் காலமானார். மகள் அர்ச்சனா அம்பேர்கர் தூரிகையை எடுத்துக்கொண்டார்.

ஓவியர் யார் என்று சென்னைப் பக்கம் கேட்டால் அம்புலிமாமா இதழின் சங்கரைத்தான் சொல்வார்கள். வாளேந்திய விக்கிரமாதித்தன், தோளில் வேதாளம் என்ற அந்தப் படத்தை மறந்தவர் யார்? 1924இல் பிறந்து 2020இல் மறைந்த அவருக்கு, மறைவுக்குப் பிறகு பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் படங்களைப் பார்த்து வாய்பிளக்கலாம். ஆனால் தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்குத் துணையாக வகுப்பில் உட்கார்ந்துகொள்பவன் சுப்பாண்டிதான்.

சயான் கோலிவாடாவில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில், சாயங்காலத் தமிழ் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் இதைச் செய்துகாட்டினார். படக்கதைப் பக்கம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, வசனக் குமிழ்கள்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார். பிள்ளைகள் தமிழில் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு ஐந்தாவது படிக்கும் பையன் எழுதியது: 'மொதலாளி, நீங்கதான சொண்ணிய?' வீட்டில் பேசும் திருநெல்வேலித் தமிழ் அப்படியே வந்துவிட்டது. மூன்று சுழி 'ண்' அங்கே தப்பு என்பதை டீச்சர் உடனே சொல்லவில்லை. இன்னொரு பெண் எழுதியது: 'க்யா ஹுவா சேட்?' இது தமிழா என்று கேட்டேன். "எழுத்து தமிழ்தானே சார், மத்தது அப்புறம் வரும்" என்றார்.

இந்த வித்தை ஏன் பலிக்கிறது? சுப்பாண்டி கதையின் முடிச்சே முதலாளி சொன்ன வார்த்தையில்தான் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் சிரிப்பு வரும். வாசிப்புப் பயிற்சி என்று பெயர் வைக்காமலே பிள்ளை ஒரே வரியை மூன்று முறை படிக்கிறது. அடுத்ததாக டீச்சர் ஒரு படி மேலே போகிறார். 'கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இரு', 'அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே' என்று பலகையில் எழுதிப் போடுவார். 'சுப்பாண்டியிடம் இதைச் சொன்னால் என்ன செய்வான்? வரைந்து காட்டு' என்பார். ஒரு பையன் கதவுச் சந்தில் மூக்கு மாட்டிக்கொண்ட சுப்பாண்டியை வரைந்திருந்தான். ஒரு மரபுத்தொடரை இனி அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

படக்கதை படிப்பைக் கெடுக்கும், தமிழ்ப் பெயர் உள்ளவனை முட்டாளாகக் காட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். எனக்கு இருக்கும் கவலை வேறு.

மும்பையில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தமிழ் படிக்கும் பிள்ளைகள்தான் கண்ணெதிரே குறைகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷும் மராட்டியும். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தினாலும், பெற்றோர் இங்கிலீஷ் மீடியத்தைத் தேடிப் போகிறார்கள். பிழைப்பை நினைத்துச் செய்யும் காரியம், குறை சொல்ல முடியாது. ஆனால் மே மாத லீவில் ரயிலேறி ஊருக்குப் போகும் பேரன், திருநெல்வேலி ஸ்டேஷன் பலகையில் இங்கிலீஷ் வரியைத் தேடுகிறான். தாத்தா வாங்கிப் போட்டிருக்கும் செய்தித்தாளில் படம் மட்டும் பார்க்கிறான். இப்படியே போனால் தாராவியில் இன்னும் ஒரு தலைமுறைக்குப் பிறகு தமிழ்ப் பெயர்ப் பலகையை யார் படிப்பார்கள், யாருக்காக எழுதுவார்கள்? சுப்பாண்டியே திருச்சியிலிருந்து வந்து இங்கிலீஷ்காரனாக ஆகிவிட்டான் என்றால் பிள்ளைகளை என்ன சொல்ல?

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்தும் கொடுக்கலாம், வேண்டுமானால் நாமே மொழிபெயர்த்தும் ஏற்றலாம். எந்தக் கதை எந்தப் படிக்கு என்று நிலைவாரியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி முண்டியடிப்பதைப் பார்த்தால், கையில் பிடித்துப் புரட்டும் தாளுக்கு மாற்று இல்லை என்பது விளங்கும்.

சயானிலும் மாட்டுங்காவிலும் எத்தனையோ வீடுகளின் பரணில் பழைய டிங்கிள் கட்டுகள் தூசி தின்றுகொண்டிருக்கின்றன. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் தமிழ் சொல்லித்தரும் வகுப்பு எதுவாக இருந்தாலும் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே ஒரு கட்டு வெள்ளைத் தாளும் ஒரு பசைப் புட்டியும் கொடுத்தால் இன்னும் நல்லது.