ஆக்சிஜன் இல்லாத அமிலம்

அபுதாபியின் ஷா எரிவாயு வயலில் வேலைக்கு இறங்குகிறவர், கைக்குள் அடங்கும் கருவி ஒன்றைச் சட்டைக் காலருக்கு அருகில் மாட்டிக்கொள்கிறார். ‘எச் டூ எஸ்’ கசிந்தால் அது அலறும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் ‘எச் டூ எஸ்’. செறிவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். ஆகவே மூக்கை நம்ப முடியாது. அங்கே நிலத்தடியிலிருந்து வரும் வாயுவில் சுமார் 23 சதவீதம் இது; சுமார் 10 சதவீதம் கரியமில வாயு. இரண்டையும் சேர்த்து ‘ஆசிட் கேஸ்’ என்பார்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற ஒரு வாயு எப்படி அமிலமாகும், எது ஒன்றை அமிலமாக்குகிறது? பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலைத் திணறடித்த கேள்வி இது.

புளிப்பு, வயலட் பூச்சாற்றைச் சிவப்பாக்கும் குணம் என்று ராபர்ட் பாயில் காலத்தில் அடையாளங்களே தெரிந்திருந்தன. காரணத்தைத் தேடியவர் லவாய்சியர். கந்தகம், பாஸ்பரஸ், கரி ஆகியவற்றை எரித்து, வருவதை நீரில் கரைத்தால் அமிலம் கிடைக்கிறது. எனவே எரிதலில் சேரும் பொருளே அமிலத்தின் வேர் என்று முடிவுகட்டி, ‘அமிலம் பிறப்பிப்பது’ என்ற பொருளில் அதற்கு ஆக்சிஜன் எனப் பெயர் வைத்தார். அவருடைய சகாவான பெர்தொலே, ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஆக்சிஜனே இல்லை, ஆனாலும் அது அமிலம்போல் நடக்கிறது என்று காட்டினார். லவாய்சியரின் செல்வாக்குக்கு முன் அது எடுபடவில்லை. 1810-ல் ஹம்ப்ரி டேவி குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவியபோது ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஆக்சிஜன் இல்லை என்றானது. 1838-ல் லீபிக், உலோகத்தால் இடம்பெயர்க்கக்கூடிய ஹைட்ரஜனைக் கொண்டதே அமிலம் என்றார். அந்த ஹைட்ரஜன் நீரில் அயனியாகப் பிரிகிறது என்றார் அரீனியஸ்.

1923-ல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியே சொன்ன விளக்கம் எரிவாயு ஆலைக்கு அப்படியே பொருந்துகிறது: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். இந்த ‘ஆசிட் கேஸ்’ஸைப் பிரித்தெடுக்க, உயரமான கோபுரத்தில் கீழிருந்து வாயு ஏற, மேலிருந்து அமீன் என்னும் காரத்தின் கரைசல் இறங்குகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு தன் புரோட்டானை அமீனிடம் கொடுத்துவிட்டு அதனோடு பிணைந்துகொள்கிறது. கரைசலைச் சூடாக்கினால் புரோட்டானைத் திரும்பப் பெற்றுப் பிரிந்துவிடும். அமீன் மறுபடி வேலைக்குத் தயார். வலுக்குறைந்த அமிலம் என்பதால்தான் இது கூடிவருகிறது. வலுவான அமிலம் கலந்துவிட்டால், சூட்டுக்கும் பிரியாத உப்பாகி அமீனை வீணாக்கிவிடும்.

கரியமில வாயுவிடமோ கொடுப்பதற்குப் புரோட்டானே கிடையாது. எலக்ட்ரான் இணையை ஏற்பதும் அமிலமே என்று அதே 1923-ல் லூயிஸ் தந்த விளக்கம் இங்கே கைகொடுக்கிறது: பல அமீன்களில் நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையை நேரடியாகப் பிடித்துக்கொண்டு அது கரைசலில் தங்குகிறது.

பிரித்தெடுத்த ஹைட்ரஜன் சல்ஃபைடு கந்தகமாக மாற்றப்பட்டு, எதிஹாத் ரயிலின் 264 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் கட்டப் பாதை வழியே ருவைஸ் துறைமுகத்துக்குப் போகிறது. உலகக் கந்தகத்தின் பெரும்பகுதி கந்தக அமிலமாகி, பாஸ்பேட் உரம் செய்யவே செலவாகிறது.