ஸ்பீடைக் கேட்காதீர்கள், லைன்மேனைக் கேளுங்கள்

வீட்டுக்கு பிராட்பேண்ட் எடுப்பதென்றால் பேச்சு ஸ்பீடில்தான் தொடங்குகிறது. 50 எம்பிபிஎஸ் போதுமா, 100 வேண்டுமா என்று யோசிக்கிறோம். கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரட்டிப்பு கிடைக்கிறதே என்று பெரிய பிளானுக்குத் தலையாட்டிவிடுகிறோம். சென்னையில் இப்படித் தேர்ந்தெடுப்பதால் பெரிய நஷ்டமில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலிலும், அதைச் சுற்றியுள்ள உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களிலும் இந்தக் கணக்கு எடுபடாது. இங்கே ஓர் இணைப்பு நல்லதா கெட்டதா என்பது அது அறுந்துபோகிற நாளில்தான் தெரியும். அன்றைக்கே சரிசெய்ய ஆள் வந்தால் 30 எம்பிபிஎஸ் இணைப்பும் பொன்னான இணைப்பு. எட்டு நாள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை என்றால் 300 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டிய பணம் ஆற்றில் போட்ட பணம்.

ஒரு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? அரசின் கணக்கில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2004இல் 256 கேபிபிஎஸ் போதுமாயிருந்தது. 2013இல் அது 512 ஆகி, 2023இல்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது. இன்றைய வீட்டுக்கு அது காணாது என்பது உண்மையே. ஆனாலும் டிவியில் தெளிவான படம் ஓட 5 எம்பிபிஎஸ் அளவு இருந்தால் நடக்கும், பிள்ளையின் வீடியோ வகுப்புக்கு 3 அல்லது 4 போதும். இன்னும் இரண்டு போன்களைச் சேர்த்தாலும் 20ஐத் தாண்டுவது அரிது. விளம்பரத்தில் வருவது மெகாபிட், நாம் ஃபைல் இறக்கும்போது பார்ப்பது மெகாபைட். 100ஐ எட்டால் வகுத்து 12.5 என்று திரையில் வந்தால் அது ஏமாற்றல்ல. ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஓர் இழையில் நொடிக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட் இறங்கி, 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. 64 வீட்டாரும் ஒரே நொடியில் முழு மூச்சாக இழுத்தாலும் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ் நிற்கும். ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் படம் சுற்றிக்கொண்டு நின்றால், நெரிசல் உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பு குறைவு. ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் பொதுப்பாதையில்தான் அது இருக்கும். அல்லது வீட்டுக்குள்ளேயே, பீரோவுக்குப் பின்னால் வைத்த ரூட்டரில். பெரிய பிளான் இவை இரண்டையும் தீர்க்காது.

தீராத சிக்கல் வெளியே கம்பத்தில் தொங்குகிறது. கிராமத்தில் ஃபைபர் பெரும்பாலும் இ.பி. போஸ்டிலிருந்து இ.பி. போஸ்டுக்குத் தாவித்தான் வீடு வருகிறது. கல்குவாரி லாரிகள் ஓடும் சாலை, குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டும் ஜேசிபி, மழைக்காலத்தில் முறியும் கிளை என்று எது பட்டாலும் போயிற்று. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தில் வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலமே சேதமடைந்தது. பாலத்தை ஒட்டிப் போகும் கேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறுந்தால் ரூட்டர் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரியும். அது சிவந்துவிட்டால் வீட்டில் இருப்பவர் செய்ய ஒன்றுமில்லை. மயிரிழைக் கண்ணாடியை நேருக்கு நேர் வைத்து உருக்கி ஒட்டும் மெஷினோடு ஒருவர் வந்தாக வேண்டும். அந்த விளக்கு எரியாமல் நெட் மட்டும் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கம்பெனியின் பக்கத்தில். இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் ஒரு வீண் நடை மிச்சம். கரண்ட் சிக்கல் வேறு இருக்கிறது. ஜிபான் பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் சில இடங்களில் தெருமுனைப் பெட்டிக்குள் கரண்டில் ஓடும் ஸ்விட்ச் இருக்கும். தெருவில் மின்சாரம் போனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஓடியும் பயனிருக்காது. தெருமுனைப் பெட்டி கரண்டில் ஓடுகிறதா என்பது இணைப்பு எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை.

கட்டுவதற்குக் காட்டும் உற்சாகம் பராமரிப்பில் வற்றிப்போவது நம் காலத்து வழக்கம். திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை இங்கே நடந்ததை அது சொல்கிறது. மருத்துவமனை கட்டினோம் என்பதோடு அது நிற்கவில்லை. வைத்தியர், அறுவை செய்பவர், மருந்துப் பொருள் கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஆட்களையும், அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லையும், இரவு விளக்குக்கான எண்ணெயையும்கூட வரிவரியாக வெட்டிவைத்திருக்கிறது. நம் காலத்துக்கு வந்தால், கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்தது. பின்னர் அது பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. பத்தாண்டுப் பராமரிப்பையும், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிவரும் வளைய அமைப்பையும் உள்ளடக்கித் திட்டத்தைத் திருத்தியது 2023 ஆகஸ்டில்தான், 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு. இழையைப் போடுவது ஒரு வேலை, அதை உயிரோடு வைத்திருப்பது வேறொரு வேலை என்பது அதிகாரபூர்வமாகப் புரிய இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

செல்போன் டேட்டாவே போதாதா, 5ஜி வந்த பிறகு வயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக இருப்பவருக்கு அது சரிதான். டவரும் பலர் பங்குபோடும் குழாய்தான் என்பதையும், தினசரி ஜிபி வரம்பில் ஒரு குடும்பத்தின் டிவி ஓடாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயர் இணைப்பு எடுத்த வீட்டிலும் அறுந்த நாளுக்கென்று போன் டேட்டா இருக்கட்டும். போட்டி வந்தால் சேவை தானாக மேம்படும் என்பது இன்னொரு வாதம். நான்கு கம்பெனிகள் ஒரே கம்பத்தில் தொங்கும் நகரத்துக்கு அது பொருந்தும். ஒரே கேபிள்காரர் இருக்கும் தெருவில் போட்டி யாருக்கும் யாருக்கும் இடையே?

அதனால்தான் ஆண்டுச் சந்தா கவலை தருகிறது. ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம், ஒரு வருடம் கட்டினால் இரண்டு மாதம் இலவசம், ரூட்டருக்குக் காசில்லை என்று வருகிற சலுகைகள் பார்க்க லாபமாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரே கேபிள்காரர் இருக்கும் ஊரில் வாடிக்கையாளரின் கையில் இருக்கும் ஒரே பிடி அடுத்த மாத ரீசார்ஜ்தான். பன்னிரண்டு மாதப் பணத்தை முதல் நாளே நீட்டிவிட்டால் அந்தப் பிடியும் நழுவுகிறது. எட்டு நாள் லைன் இல்லை என்று சொன்னால் “பார்க்கிறோம்” என்ற பதிலுக்கு மேல் வற்புறுத்த எதுவும் இல்லை. இது கேபிள்காரரின் குணத்தைப் பற்றிய பேச்சல்ல. பத்து ஊருக்கு ஒரே ஆளும் ஒரே ஒட்டு மெஷினும் வைத்திருப்பவர் யாருடைய வீட்டுக்கு முதலில் போவார் என்பது மனித இயல்பு. மாதாமாதம் கட்டுபவர் கைவிட்டுப் போகக்கூடும், ஏற்கெனவே கட்டியவர் எங்கும் போக முடியாது. இலவசமாக வரும் இரண்டு மாதம் அந்த வரிசையில் பின்னுக்குப் போவதற்கான விலையாக முடிந்துவிடக் கூடாது.

விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் சேவைத் தர விதிமுறையே, கோளாறு மூன்று வேலைநாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை, ஏழைத் தாண்டினால் பதினைந்து நாள், பதினைந்தையும் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்க வேண்டும் என்று அளவு வகுத்தது. 2024இல் சேவைத் தர விதிகள் மொத்தமாகப் புதுப்பிக்கப்பட்டன. கிராமத்தில் இது ஏட்டளவில் நிற்பதற்குக் காரணம் எளிது. “அண்ணே, நெட் வரல” என்று கேபிள்காரரின் போனுக்குச் சொல்வதோடு நம் புகார் முடிந்துவிடுகிறது. புகார் எண் இல்லாத கோளாறு கம்பெனியின் கணக்கில் நடக்கவே இல்லை. முதலில் செல்போன் டேட்டாவில் கம்பெனியின் ஆப்பிலோ இலவச எண்ணிலோ பதிந்து எண் வாங்கிக்கொண்டு, பிறகு அண்ணனைக் கூப்பிடலாம். அவருக்கும் அது உதவிதான், மேலே ஆள் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது. புது இணைப்பு எடுப்பவர், கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை நாளில் வந்தது என்று அதே லைனில் இருக்கும் மூன்று வீட்டில் விசாரித்துவிட்டு, சின்ன பிளானில் மாதச் சந்தாவாகத் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையை அந்த லைன் தாண்டட்டும். ஆண்டுச் சந்தாவைப் பற்றித் தையில் பேசிக்கொள்ளலாம்.